புரை ஏறினால் தலையில் தட்டாதீர்கள்: புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகு பத்திரமாக விழுங்க

வாய், நாக்கு, தொண்டை, குரல்வளை என்று எங்கேயாவது புற்றுநோய் வந்து, ஆபரேஷனோ, கரண்டோ (கதிர்வீச்சுச் சிகிச்சை), கீமோவோ முடித்து வீடு திரும்பியவர்களுக்காகவும், அவர்களுக்குச் சமைத்துப் போடுகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். கட்டி போய்விட்டது என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் எல்லோருக்கும் உயிர் வந்துவிடும். ஆனால் அதற்கப்புறம்தான் பலருக்குச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உண்மையான கஷ்டம் ஆரம்பிக்கிறது, அதை யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க மாட்டார்கள், "போகப் போகச் சரியாகிவிடும்" என்ற ஒரே பதிலோடு மாதங்கள் ஓடிவிடும்.

முதலில் இரண்டு விஷயத்தை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். இருமல் வரவில்லை என்பதால் சாப்பாடு சரியான குழாயில்தான் போகிறது என்று நம்பிவிடாதீர்கள். கெட்டியாகக் கொடுப்பதா தண்ணியாகக் கொடுப்பதா என்பதைப் பரிசோதனை செய்து பார்க்காமல் நீங்களாக முடிவு செய்யாதீர்கள். இந்த இரண்டில் வழுக்கினால் மற்ற எதைச் சரியாகச் செய்தும் பலன் குறைவு.

எங்கள் சித்தப்பாவுக்கு நாக்கின் அடிப்பகுதியில் வந்தது. கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தபோது, விழுங்கப் பயிற்சி தரும் ஸ்பீச் தெரபிஸ்டிடம் கற்று, அப்புறம் தேடிப் படித்து உறுதி செய்துகொண்டவை. உங்கள் வீட்டில் இருப்பவரின் தொண்டை வேறு மாதிரி இருக்கலாம் என்பதால், பயிற்சியானாலும் தலையை வைக்கும் விதமானாலும் உங்கள் தெரபிஸ்டிடம் ஒருமுறை காட்டிவிட்டே செய்யுங்கள்.

தொண்டைக்குள் நடப்பது

ஒரு வாய் சோறு தொண்டையைத் தாண்டி உணவுக்குழாய்க்குள் இறங்க ஏறத்தாழ ஒரு நொடிதான் ஆகிறது. அந்த ஒரு நொடிக்குள் நாக்கு பின்னால் தள்ள வேண்டும், குரல்வளை மேலேயும் முன்னாலும் ஏற வேண்டும், அதன் மூடி மடங்கி விழ வேண்டும், குரல் நாண்கள் ஒட்டிக்கொள்ள வேண்டும், மூச்சு நிற்க வேண்டும், உணவுக்குழாயின் வாய் திறக்க வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று எச்சிலை விழுங்கிப் பாருங்கள், தொண்டையில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு போன்ற பகுதி மேலே போய்விட்டுக் கீழே வரும். அதுதான் குரல்வளை. அது மேலே ஏறுவது குறைந்தால் மூச்சுக்குழாய் சரியாக மூடாது.

கழுத்துக்குக் கரண்ட் என்றால் பெரும்பாலும் 30 முதல் 35 முறை, ஆறு ஏழு வாரம். அப்போது வாய் வெந்துபோகும், புண் வரும், எச்சில் வற்றும். புண் ஆறிவிடும். ஆனால் உள்ளே இருக்கும் தசைகள் மெதுவாக இறுகத் தொடங்கும், கழுத்து தொட்டால் பலகை மாதிரி இருக்கும், தாடைக்குக் கீழே வீக்கம் நிற்கும். இதற்கெல்லாம் மேல் இன்னொன்று உண்டு, தொண்டையின் உணர்ச்சி மழுங்கிவிடும். நமக்கு ஒரு துளி தண்ணீர் தவறான வழியில் போனால் உடனே புரை ஏறி இருமுகிறோம் அல்லவா, உணர்ச்சி மழுங்கியவருக்கு அந்த இருமலே வராது. பாலும் பருப்புத் தண்ணீரும் சத்தமில்லாமல் நுரையீரலுக்குப் போய்க்கொண்டிருக்கும், அவர் எதிரே உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார். ஆபரேஷனில் நாக்கின் ஒரு பகுதியை எடுத்தவர்களுக்குச் சிக்கல் வேறு இடத்தில்: சாப்பாட்டை உருட்டிப் பின்னால் அனுப்ப முடியாமல் கன்னத்திலும் நாக்கின் அடியிலும் தங்கிவிடும்.

புரை ஏறினால் "யாரோ உன்னை நினைக்கிறார்கள்" என்று உச்சந்தலையில் தட்டுவது நம் வீடுகளில் பழக்கம். இவர்களுக்கு அதைச் செய்யாதீர்கள், உடனே தண்ணீரை நீட்டவும் செய்யாதீர்கள். முன்னால் கொஞ்சம் சாய்ந்து அவர்களே இருமித் தள்ளட்டும். அந்த இருமல்தான் அவர்களுடைய காவல். அதே காரணத்துக்காக, "ரொம்ப இருமுகிறார்" என்று மருந்துக்கடையில் இருமலை அடக்கும் சிரப் கேட்டு வாங்காதீர்கள்.

ஒரு வேளைச் சாப்பாட்டைக் கவனித்துப் பாருங்கள்

பக்கத்தில் உட்கார்ந்து, பேச்சுக் கொடுக்காமல், ஒரு முழுச் சாப்பாட்டையும் பாருங்கள். ஒரு வாயை எத்தனை முறை விழுங்குகிறார்? மூன்று நான்கு முறை என்றால் தொண்டையில் மிச்சம் நிற்கிறது. விழுங்கியதும் "ஆ" என்று நீட்டிச் சொல்லச் சொல்லுங்கள். குரல் தெளிவாக வந்தால் நல்லது, தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல களகளவென்று வந்தால் குரல் நாண்கள் மேல் ஏதோ நிற்கிறது. கண்ணில் நீர் வருகிறதா, மூக்கு ஒழுகுகிறதா, மூக்கு வழியாகத் தண்ணீர் திரும்பி வருகிறதா, சாப்பிட்டு அரைமணி நேரம் கழித்து இருமல் வருகிறதா, சாப்பாடு முடிய நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆகிறதா என்றும் பாருங்கள். பலர் சங்கடப்பட்டு, "எனக்குப் பசிக்கவில்லை" என்று தட்டைத் தள்ளிவிடுவார்கள். அதைப் பசியின்மை என்று எடுத்துக்கொள்ளாமல் விழுங்கப் பயப்படுகிறாரா என்று கேளுங்கள்.

எடை பார்க்கும் மெஷின் ஒன்று வீட்டில் இருக்கட்டும். வாரம் ஒருநாள், காலையில், ஒரே மாதிரி உடையில் பார்த்து எழுதி வையுங்கள். ஒரு மாதத்தில் 5 சதவீதம் இறங்கினால், அதாவது 60 கிலோ இருந்தவர் 57-க்கு வந்தால், அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்க வேண்டாம்.

அடிக்கடி காய்ச்சல், காரணம் தெரியாத சளி, மாலையில் கணகணவென்று உடம்பு, இதெல்லாம் மாறி மாறி வந்து ஆண்டிபயாட்டிக்கில் அடங்கி மறுபடி வந்தால், டாக்டரிடம் "சாப்பாடு நுரையீரலுக்குப் போகிறதா என்று பார்க்க வேண்டும்" என்று நீங்களே வாயைத் திறந்து கேளுங்கள். எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்பது பதில் ஆகாது. சேதம் நடந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் தெரியும், தவறான வழியில் போவது அதில் தெரியாது.

பரிசோதனை

இரண்டு விதம் உண்டு. ஒன்றில் பேரியம் கலந்த உணவை எக்ஸ்ரே வீடியோவுக்கு முன்னால் உட்கார்ந்து விழுங்கச் சொல்வார்கள், சாப்பாடு எந்தப் பாதையில் போகிறது என்பது திரையில் கறுப்பாக ஓடும். இன்னொன்றில் மெல்லிய கேமரா குழாயை மூக்கு வழியாக விட்டு, நிறம் சேர்த்த தண்ணீரும் உணவும் விழுங்கச் சொல்லி மேலிருந்து பார்ப்பார்கள். மூக்கில் கொஞ்சம் எரிச்சல், கண்ணீர் வரும், அவ்வளவுதான். முதலாவதில் விழுங்கும் அந்த நொடியே தெரியும், இரண்டாவதில் தொண்டைக்குள் தேங்கி நிற்கும் மிச்சமும் எச்சிலும் நன்றாகத் தெரியும். எது கிடைக்கிறதோ அதைச் செய்துகொள்ளுங்கள். எங்கே கேட்பது என்று தெரியாவிட்டால் ஈஎன்டி டாக்டரிடம் தொடங்குங்கள், ஸ்பீச் தெரபிஸ்டுகள் பெரும்பாலும் அந்தப் பிரிவோடு சேர்ந்துதான் இருப்பார்கள். பேச்சு வராத குழந்தைகளுக்கு மட்டும்தான் ஸ்பீச் தெரபிஸ்ட் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், விழுங்குவதற்குப் பயிற்சி தருகிறவர்களும் அவர்களேதான்.

பரிசோதனைக்குப் போகும்போது வீட்டில் தினம் என்ன சாப்பிடுகிறாரோ அதில் கொஞ்சம் கொண்டுவரலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள். பிஸ்கட்டும் தண்ணீரும் கொடுத்துப் பார்ப்பதைவிட, அவர் தினமும் சாப்பிடும் ரசம் சாதத்தில் என்ன ஆகிறது என்று பார்ப்பது உங்களுக்கு உபயோகம்.

ரிப்போர்ட்டில் 1 முதல் 8 வரை ஒரு எண் இருக்கலாம். 1 என்றால் மூச்சுப் பாதைக்குள் எதுவும் நுழையவில்லை. 2 முதல் 5 வரை குரல்வளைக்குள் நுழைந்தது, ஆனால் குரல் நாண்களைத் தாண்டவில்லை. 6, 7, 8 என்றால் தாண்டிக் கீழே இறங்கிவிட்டது. இதில் 8 என்பது, இறங்கியும் வெளியே தள்ள எந்த முயற்சியும் வரவில்லை என்று அர்த்தம். 8 என்று பார்த்துவிட்டு "அவர் இருமவே இல்லையே, நன்றாகத்தானே சாப்பிடுகிறார்" என்று வீட்டுக்குத் திரும்பிவிடக் கூடாது. அந்த எண் சொல்வதே அதைத்தான். அறையை விட்டு வெளியே வருமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தப் பதத்தில் இறங்குகிறது, எந்தப் பதத்தில் தங்குகிறது, தலையை எப்படி வைத்தால் குறைகிறது.

சமையலறையில்

எல்லோருக்கும் கெட்டியாகக் கொடுத்தால் பத்திரம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பக்கவாதம் வந்தவருக்குச் சொன்ன ஆலோசனையை இவருக்கும் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். கரண்ட் வைத்த தொண்டையில் பல நேரம் தள்ளும் பலம்தான் குறைவு, கெட்டியானது இறங்காமல் அங்கேயே அப்பிக்கொண்டு நின்று, விழுங்கி முடித்து மூச்சை இழுக்கும்போது உள்ளே சரிந்துவிடும். அப்படிப்பட்டவருக்குத் தண்ணியான உணவே எளிது. இன்னொருவருக்கு மூடுவதில் தாமதம், அவருக்குத் தண்ணீர் வேகமாக ஓடி உள்ளே போய்விடும், கொஞ்சம் கெட்டியானால் நேரம் கிடைக்கும். இதனால்தான் பரிசோதனை, பரிசோதனை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பதத்தை "கொஞ்சம் கெட்டியாக" என்று சொன்னால் அம்மாவுக்கு ஒரு அர்த்தம், அண்ணிக்கு ஒரு அர்த்தம். இதற்கு உலகம் முழுக்க 0 முதல் 7 வரை ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள், 0 என்பது வெறும் தண்ணீர், 7 என்பது நாம் சாப்பிடும் சாதாரணச் சாப்பாடு. நீர்ப் பதார்த்தங்களை வீட்டிலேயே அளந்துகொள்ளலாம். 10 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கி ஊசியைக் கழற்றிப் போட்டுவிடுங்கள், பூஜ்யக் கோட்டிலிருந்து 10 வரை நீளம் 61.5 மில்லிமீட்டர் இருக்கிற சிரிஞ்சாக இருக்க வேண்டும். உள்தண்டை உருவிவிட்டு, நுனியை விரலால் அடைத்து, கஞ்சியை 10 வரை ஊற்றி, விரலை எடுத்து, சரியாகப் பத்து விநாடி ஓடவிட்டு மறுபடி அடையுங்கள். மிச்சம் 1 மில்லிக்கும் குறைவு என்றால் 0, 1 முதல் 4 வரை நின்றால் முதல் நிலை, 4 முதல் 8 வரை என்றால் இரண்டாம் நிலை, 8-க்கு மேல் நின்றும் கொஞ்சமாவது ஓடியிருந்தால் மூன்றாம் நிலை, சொட்டுக்கூட ஓடவில்லை என்றால் நான்கு. இரண்டாம் நாளே கை பழகிவிடும்.

அளக்கும்போது கஞ்சி எந்தச் சூட்டில் வாய்க்குப் போகுமோ அந்தச் சூட்டில் அளக்க வேண்டும். அடுப்பிலிருந்து இறக்கியதும் இரண்டாம் நிலையில் இருக்கும் ராகிக் கஞ்சி ஆறியதும் நான்குக்குப் போய்விடும். அதே கஞ்சி, எச்சில் பட்ட ஸ்பூனை விட்டு விட்டு எடுத்துக்கொண்டிருந்தால் கிண்ணத்துக்குள்ளேயே நீர்த்துப்போகும், ஏனென்றால் மாவுச்சத்தை எச்சில் கரைத்துவிடும். அரைமணி நேரம் மெதுவாகச் சாப்பிடுகிறவரின் கிண்ணத்தின் அடியைப் பாருங்கள், தண்ணீர் பிரிந்து நிற்கும். அதனால் பாதியைத் தனியாக வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கொடுங்கள்.

நம் சமையலில் அதிகம் மாட்டிவிடுவது இரண்டு பதம் கலந்த உணவுகள். ரசம் சாதத்தில் ரசம் முன்னால் ஓடிவிடும், சோற்றுப் பருக்கை பின்னால் நிற்கும். சாம்பாரில் மிதக்கும் இட்லி, ஜவ்வரிசிப் பாயசம், பாலில் ஊறிய ரஸ்க், பழத்துண்டு போட்ட ஜூஸ் எல்லாம் இந்த ரகம்தான். ரசத்தையும் சாதத்தையும் குழைய வேகவைத்துச் சேர்த்து மிக்ஸியில் அடித்து, வடிகட்டி, ஒரே பதமாக்கிக் கொடுங்கள். அப்புறம் தாளிப்பு. கடுகு, உடைத்த உளுந்து, கறிவேப்பிலை, பொங்கலில் மிளகு, உப்புமாவில் கடலைப்பருப்பு, இவை ஒவ்வொன்றும் மரத்துப்போன தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். வாசனை வேண்டும் என்றால் தாளித்துவிட்டுச் சேர்த்து அரைத்து வடிகட்டுங்கள், அல்லது தாளித்த எண்ணெயை மட்டும் ஊற்றிக் கலக்குங்கள். சுவையே மாறிப்போய்த் தவிக்கிறவருக்கு அந்தத் தாளிப்பு வாசனை எவ்வளவு முக்கியம் என்று கூட இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அதை ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள்.

உதிர்வது, ஒட்டுவது, நாராக இருப்பது, இந்த மூன்றையும் தள்ளி வையுங்கள்: புட்டு, பொரி, முறுக்கு, அப்பளம், வேர்க்கடலை, சுண்டல், களி, அல்வா, முருங்கைக்காய், கீரைத்தண்டு, பரோட்டா. இட்லியை உதிர்த்துப் போட்டால் வாயில் சிதறும், பருப்புத் தண்ணீரிலோ தயிரிலோ நன்றாக ஊறவைத்துக் கையால் மசித்து, ஸ்பூனைச் சாய்த்தால் மொத்தமாக வழுக்கி விழுகிற பதத்துக்குக் கொண்டுவந்தால் பலருக்கு இறங்குகிறது. மீன் நல்ல புரதம், ஆனால் முள் எடுத்தது நீங்களாக இருந்தாலும் வெளிச்சத்தில் இன்னொரு முறை விரலால் நசுக்கிப் பாருங்கள். ஐஸ்கிரீமும் ஜெல்லியும் கெட்டியாகத் தெரியும், வாய்க்குள் போனதும் தண்ணீராகிவிடும், தண்ணீர் கூடாது என்று சொன்னவருக்கு அவையும் கூடாது.

கொஞ்சமாகத்தான் உள்ளே போகும் என்பதால் போகிற ஒவ்வொரு ஸ்பூனிலும் சத்து இருக்க வேண்டும். அரைக்கும்போது தண்ணீருக்குப் பதில் பால், தயிர், பருப்புத் தண்ணீர். வெந்த முட்டையின் மஞ்சள் கரு, பன்னீர், நெய் சேர்த்து நன்றாகக் கலந்து, நெய் மேலே தனியாக மிதக்காமல் கொடுங்கள். காரம், புளிப்பு, சூடு, மூன்றையும் குறைக்க வேண்டும்.

மாத்திரை பெரிய தலைவலி. தண்ணீரோடு விழுங்கினால் தண்ணீர் ஒரு பக்கம், மாத்திரை ஒரு பக்கம். சிரப்பாகக் கிடைக்குமா என்று ஒவ்வொரு மருந்துக்கும் கேளுங்கள். எல்லாவற்றையும் பொடித்துவிடாதீர்கள், மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளையும் மேலே பூச்சுள்ளவற்றையும் பொடித்தால் ஆபத்து, மருந்துக்கடையில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

உட்காருவதும் தம்ளரும்

நாற்காலியில் நேராக உட்கார்ந்து, பாதம் தரையில் பட, டிவி அணைத்து, வாயில் உணவு இருக்கும்போது பேசாமல் சாப்பிட வேண்டும். கட்டிலில் சாய்ந்த நிலையில் ஊட்டாதீர்கள். ஊட்டுகிறவர் நின்றுகொண்டு ஊட்டினால் சாப்பிடுகிறவர் தலையைத் தூக்க வேண்டியிருக்கும், அதனால் நீங்களும் உட்காருங்கள், ஸ்பூன் கீழிருந்து வரட்டும். ஒரு டீஸ்பூன் அளவு போதும். சாப்பிட்டபின் அரைமணி முதல் ஒருமணி நேரம்வரை படுக்கக் கூடாது.

தம்ளரைத் தூக்கி அண்ணாந்து வாயில் படாமல் குடிக்கும் பழக்கம் நம்மில் பாதிப்பேருக்கு உடம்பில் ஊறியது. இவர்களுக்கு அதுதான் மிக மோசமான முறை. தலை பின்னால் சாய்ந்தால் மூச்சுக்குழாயின் வாய் நன்றாகத் திறக்கும், தண்ணீர் கட்டுப்பாடில்லாமல் விழும். தனியாக ஒரு தம்ளர் வைத்து வாய் வைத்தே குடிக்கச் சொல்லுங்கள். விளிம்பு அகலமான கிண்ணம் இன்னும் நல்லது, கடைசி வாய்க்குத் தலையைத் தூக்க வேண்டியிருக்காது. எச்சில் என்று யாராவது முகம் சுளித்தால் அவர்களிடம் நீங்களே பேசிவிடுங்கள், அவர் மேல் அந்தப் பாரத்தைப் போடாதீர்கள்.

மோவாயை மார்போடு தாழ்த்தி விழுங்குவது சிலருக்கு உதவும், பலவீனமான பக்கம் கழுத்தைத் திருப்பி விழுங்குவது சிலருக்கு உதவும், நாக்கில் ஆபரேஷன் ஆகி மூச்சுப்பாதை நன்றாக மூடுகிறவர்களுக்குத் தெரபிஸ்டே தலையைக் கொஞ்சம் தூக்கச் சொல்வதும் உண்டு. ஒருவருக்குச் சொன்னதை இன்னொருவர் செய்தால் நிலைமை மோசமாகலாம்.

பயிற்சி

தொண்டைத் தசையை வேலை வாங்காமல் விட்டால் அது சுருங்கி இறுகிவிடும். அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்திலிருந்து 2013-ல் வந்த ஓர் ஆய்வில், சிகிச்சை நடக்கும்போதே வாயால் கொஞ்சமாவது சாப்பிட்டு, கூடவே பயிற்சியும் செய்தவர்கள்தான் பின்னால் சாதாரணச் சாப்பாட்டுக்கு நன்றாகத் திரும்பினார்கள் என்று தெரிந்தது. அதனால் கரண்ட் இன்னும் தொடங்காதவர்கள் இதைப் படித்தால், தொடங்குமுன்பே தெரபிஸ்டைப் பாருங்கள். புண் இருக்கும் வாரங்களில் வலி மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னால் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், வலியால் விழுங்காமல் விட்ட வாரங்கள்தான் பின்னால் பழிவாங்கும்.

உணவில்லாமல், எச்சிலை மட்டும் வைத்துச் செய்வதிலிருந்து தொடங்கலாம். ஒன்று, பெரிய மாத்திரையை விழுங்குவது போல எல்லாத் தசையையும் இறுக்கி அழுத்தி விழுங்குவது. இன்னொன்று, விழுங்கும்போது குரல்வளை மேலே ஏறியதும் அதை இறங்கவிடாமல் இரண்டு மூன்று விநாடி பிடித்து வைப்பது. இது முதலில் யாருக்கும் வராது, விரலை அதன்மேல் லேசாக வைத்துக்கொண்டு பழகினால் பிடிபடும். நாக்கு நுனியை முன்பற்களுக்கு இடையில் மெதுவாகக் கடித்துக்கொண்டு விழுங்குவது தொண்டையின் பின்சுவருக்கு, இதை வாயில் உணவு வைத்துக்கொண்டு ஒருபோதும் செய்யக் கூடாது. மோவாய்க்கு அடியில் சுருட்டிய துண்டையோ சிறிய ரப்பர் பந்தையோ வைத்து, உட்கார்ந்தபடி கீழே அழுத்துவது குரல்வளையைத் தூக்கும் தசைகளுக்கு. படுத்துத் தலையை மட்டும் தூக்குகிற பயிற்சியும் உண்டு, கழுத்தெலும்பு தேய்ந்தவர்களுக்கும் மூச்சுவிடத் தொண்டையில் குழாய் வைத்திருப்பவர்களுக்கும் அது ஒத்துவராது.

உணவோடு செய்வது ஒன்று இருக்கிறது: மூச்சை இழுத்துப் பிடித்து, விழுங்கி, மூச்சை உள்ளே இழுக்காமல் உடனே இருமி, மறுபடி விழுங்குவது. மேலே நின்ற மிச்சம் இருமலில் வெளியே வந்துவிடும். இதய நோயோ பக்கவாதமோ இருந்தவர்கள் டாக்டரிடம் கேட்காமல் மூச்சைப் பிடிக்கும் பயிற்சிகளில் இறங்க வேண்டாம்.

வாய் திறப்பதையும் விட்டுவிடாதீர்கள். அவருடைய விரல்கள் மூன்றைச் செங்குத்தாக முன்பற்களுக்கு நடுவில் வைக்க முடிகிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். 35 மில்லிமீட்டருக்குக் குறைவாகத் திறந்தால் தாடை இறுகிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஐஸ் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பற்களுக்கு இடையில் வைத்து, வலிக்காத அளவில் பிடித்து, சில நாளுக்கு ஒரு குச்சி கூட்டிக்கொண்டே போகலாம். பான்பராக், குட்கா பழக்கத்தால் முன்பே வாய் இறுகியவர்களுக்கு இது இரட்டிப்பு அவசியம்.

வாய் சுத்தம்

நிமோனியா வருவது சோறு உள்ளே போவதால் மட்டும் அல்ல, சோற்றோடும் எச்சிலோடும் போகிற கிருமிகளால். வாய் அழுக்காக இருந்தால் விழுங்கும் ஒவ்வொரு எச்சிலும் ஆபத்து. சாப்பிடுமுன்னும் பின்னும் வாயைச் சுத்தம் செய்யுங்கள், மிருதுவான பிரஷ், ஃப்ளோரைடு பேஸ்ட். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து வைத்துக்கொண்டு நாளில் பலமுறை கொப்பளித்துத் துப்பலாம். கன்னத்தின் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள், காலையில் கொடுத்த இட்லி மத்தியானம்வரை அங்கேயே இருக்கும், அவருக்குத் தெரியவே தெரியாது. பல்செட் இருந்தால் இரவில் கழற்றிக் கழுவி வையுங்கள். பல் வலித்தால் பல் டாக்டரிடம் போன உடனே கரண்ட் வைத்ததைச் சொல்லிவிட வேண்டும், கரண்ட் பட்ட தாடையில் பல்லைப் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகலாம்.

வாய் சுத்தமாக இருந்தால் சிலருக்குச் சாப்பாட்டு வேளைகளுக்கு நடுவில் வெறும் தண்ணீரைக் கொஞ்சம் குடிக்கத் தெரபிஸ்டுகள் அனுமதிப்பதுண்டு. சுத்தமான தண்ணீர் சிறிது உள்ளே போனால் நுரையீரல் உறிஞ்சிக்கொள்ளும், பாலும் கஞ்சியும் அப்படி இல்லை. தண்ணீருக்கு ஏங்குகிறவருக்காக இதைக் கேட்டுப் பாருங்கள், அனுமதி வாங்காமல் செய்யாதீர்கள்.

டியூப் இருந்தால்

மூக்கில் டியூபோ வயிற்றில் டியூபோ போட்டுவிட்டால் இனி பயமில்லை என்று நினைக்க வேண்டாம். எச்சில் உள்ளே போகலாம், வயிற்றிலிருந்து எதுக்களித்தும் போகலாம். டியூபில் ஊற்றும்போதும் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரிவரை உயர்ந்திருக்க வேண்டும், முடித்தபின்னும் அரைமணி முதல் ஒருமணி நேரம்வரை அப்படியே. மூக்கு டியூபில் மூக்கோரம் ஓர் அடையாளம் போட்டு வைத்து, ஒவ்வொரு முறையும் அது நகரவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். நகர்ந்திருந்தால் நீங்களாக உள்ளே தள்ளாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தெரபிஸ்ட் அனுமதித்திருந்தால் டியூப் இருக்கும்போதும் தினம் சில ஸ்பூன் வாயால் விழுங்க வேண்டும், தொண்டை மறந்துவிடக் கூடாது.

குரல்வளையை முழுவதும் எடுத்துவிட்டு, கழுத்துத் துளை வழியாக மூச்சுவிடுகிறவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்களுக்கு மூச்சுப் பாதையும் உணவுப் பாதையும் தனித்தனி. பேச்சுக்காக நடுவில் வால்வு வைத்திருந்தால் மட்டும் அது கசியலாம், தண்ணீர் குடித்ததும் இருமல் வந்தால் நிறமுள்ள பானம் எதையாவது குடிக்கச் சொல்லித் துளையில் அந்த நிறம் வருகிறதா என்று பாருங்கள், வந்தால் வால்வை மாற்ற வேண்டும்.

அவசரம்

சாப்பிடும்போது அடைத்துக்கொண்டால், இருமலும் சத்தமும் வருகிறவரை இருமவிடுங்கள். சத்தமே வரவில்லை, மூச்சு இல்லை, முகம் நீலமாகிறது என்றால் முன்னால் குனியவைத்து இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கையின் அடியால் ஐந்து முறை ஓங்கித் தட்டுங்கள், போகாவிட்டால் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தொப்புளுக்குச் சற்று மேலே முஷ்டியை வைத்து உள்ளேயும் மேலேயுமாக ஐந்து முறை இழுங்கள், வெளியே வரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள், வேறு ஒருவர் 108-ஐக் கூப்பிடட்டும். மயங்கி விழுந்துவிட்டால் படுக்கவைத்து நெஞ்சின் நடுவில் அழுத்தத் தொடங்குங்கள். வாய்க்குள் கண்ணுக்குத் தெரியாததை விரல்விட்டுத் தேடாதீர்கள்.

காய்ச்சல், மூச்சுத் திணறல், வேகமான மூச்சு, நிறம் மாறிய சளி, நெஞ்சு வலி, வயதானவராக இருந்தால் திடீரென்று குழப்பமாகப் பேசுவது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. போனதும் "கழுத்துக்குக் கரண்ட் வைத்தவர், விழுங்குவதில் பிரச்சினை இருக்கிறது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வார்டில் படுக்கவைத்தபடியே பாலைக் கொடுத்துவிடுவார்கள். அவருக்குரிய பதத்தையும் உட்காரவைத்தே கொடுக்க வேண்டும் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டிவிடுங்கள்.

வருடங்கள் கழித்து

சிகிச்சை முடிந்து ஐந்து வருடம், பத்து வருடம் நன்றாகச் சாப்பிட்டவருக்கும் இது புதிதாக வரலாம். இறுகுவது மெதுவாகத் தொடர்ந்து, நாக்குக்கும் தொண்டைக்கும் போகும் நரம்புகளைப் பிடித்துவிடும். நாக்கை நீட்டினால் ஒரு பக்கம் இழுக்கும், ஒரு பக்கம் மெலிந்திருக்கும், குரல் கம்மும். புதிதாக விழுங்கக் கஷ்டம் என்றால் நோய் திரும்பியிருக்கிறதா என்பதை முதலில் பார்த்துத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும், வயதாகிவிட்டது என்று விடக் கூடாது. உணவுக்குழாய் சுருங்கியிருந்தால் எண்டோஸ்கோபி வழியாக விரித்துவிட முடியும், சிலருக்கு அது பலமுறை தேவைப்படும். கழுத்துக்குக் கரண்ட் வைத்தவர்களுக்குத் தைராய்டும் குறையலாம், அதனால் ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை அந்த ரத்தப் பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள்.

வெளியே சாப்பிடப் போவதைப் பலர் அடியோடு நிறுத்திவிடுகிறார்கள். கல்யாணத்துக்குப் போங்கள். வீட்டிலேயே நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு, வேண்டிய பதத்தில் ஒரு ஃபிளாஸ்க் கஞ்சி, சொந்தத் தம்ளர், சின்ன ஸ்பூன், கொப்பளிக்கும் தண்ணீர் எடுத்துக்கொண்டு போங்கள். பந்தியில் உட்காரச் சொல்லி யாராவது கையைப் பிடித்து இழுத்தால், சாப்பிடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம் என்று வீட்டிலிருந்து ஒருவர் முன்னாலேயே போய்ச் சொல்லி வைத்துவிடுங்கள்.